ஏழாம் நம்பர் கோழியின் குடல்

உ

நாகலூர்,
8-2-97

மரியாதைக்குரிய மாப்பிள்ளை தேவசிகாமணி அவர்களுக்கு, மாமா வேடியப்பன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தை பூவாயியும் பதினொரு கோழிகளும் சுகம். அங்கு தாங்களும், எங்கள் மகள் மாதம்மாளும், தங்கள் ஆராய்ச்சியும் அதேபோலச் சுகமாக இருக்க வேண்டுகிறோம்.

பதினொன்று என்று படித்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்திருப்பீர்கள். பதினொன்றுதான். பன்னிரண்டு என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை வரவில்லை. முப்பத்தாறு வருஷம் எஸ்டேட் ரைட்டராக இருந்து காப்பிப் பழம் எடைபோட்டு எழுதிய கை இது. கால் கிலோ கூட்டி எழுதச் சொன்ன மேஸ்திரிக்கே மசியாத கை. வருகிற வியாழக்கிழமை, நாற்பத்திரண்டாம் நாள் கணக்குக்கு, நீங்கள் கத்தியோடு வந்து கோழிகளின் குடலை வெட்டி எடுத்துப்போய், அதை வைத்து டாக்டர் பட்டத்துக்கு எழுதப் போகிறீர்கள். அதில் ஒன்று பொய்க் குடலாக இருக்கப் போகிறது. அது உங்கள் புத்தகத்தில் ஏறி, பெரிய வாத்தியார்கள் யாராவது கண்டுபிடித்து, இத்தனை வருஷப் படிப்பும் பாழானால் நான் எந்த முகத்தோடு என் மகளைப் பார்ப்பது? ஆகையால் நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்லிவிடுகிறேன். கோபம் வந்தால் என்மேல் வரட்டும். உங்கள் அத்தைமேல் வந்தாலும் தப்பில்லை, ஆனால் அதை வெளியே சொல்லிவிடாதீர்கள்.

போன மாசம் மாதம்மாளோடு வந்தபோது நீங்கள் பன்னிரண்டு நாட்டுக்கோழிகளை றெக்கையில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை அலுமினியத் தகடு குத்திக் கொண்டுவந்து, இரண்டு கூண்டில் பிரித்துவிட்டு, விதிமுறைத் தாளும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். ஒன்று முதல் ஆறு வரை அரிசி நொய், ஏழு முதல் பன்னிரண்டு வரை சோளம், இரண்டு கூண்டுக்கும் அந்த வெள்ளை அமினோ அமிலப் பொடி ஒரே அளவு. எதற்கு என்று கேட்டபோது நீங்கள் சொன்னதில் பாதி எனக்கு விளங்கவில்லை. விளங்கின மாதிரி தலையாட்டினேன், மாமனார் என்றால் அதெல்லாம் உண்டு. பிறகு நானாக யோசித்துப் பார்த்ததில் விஷயம் பிடிபட்டுவிட்டது. குடலும் ஒரு அடுப்புத்தான். அதற்கும் விறகு வேண்டும். அரிசியின் மாவுச்சத்து காய்ந்த சருகு. குடலின் மேல் பாதியிலேயே குப்பென்று எரிந்து முடிந்துவிடுகிறது. கீழ்க்குடலுக்கு விறகு போய்ச் சேருவதில்லை. அது என்ன பண்ணும் பாவம், கையில் கிடைத்த அமினோ அமிலத்தைப் போட்டு எரிக்கிறது. சதை போடுவதற்கு வந்த சரக்கு! ஊடு கட்ட வாங்கி வைத்த நிலைக்கதவை உடைத்துச் சுடுதண்ணி காய்ச்சின கதை. சோளம் அப்படியில்லை, கட்டை விறகு, நின்று எரியும். கடைசி வரைக்கும் குடலுக்குத் தீனி இருப்பதால் அது கதவில் கை வைக்காது. சரிதானுங்களே? இதை டீக்கடையில் நான் விளக்கிச் சொன்னபோது பக்கத்துத் தோட்டத்து அங்கப்பன், "அப்பறம் ஏனுங்க ரைட்டரே நீங்க மூணு வேளையும் அரிசியவே திங்கறீங்க?" என்று கேட்டான். டீக்குக் காசு கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். நல்ல கேள்விகளுக்கு உடனே பதில் சொல்லக்கூடாது.

முதல் சங்கடம் உங்கள் அத்தையால் வந்தது. "ஒரே பந்தியில ரெண்டு சாப்பாடு போடறது எந்த ஊரு நாயமுங்க? அதுக்கு அரிசி, இதுக்குச் சோளமா? சோளத்துக் கூண்டுக் கோழி என்னைப் பாக்கற பார்வையே செரியில்ல" என்று ஆரம்பித்துவிட்டாள். அரிசிப் பானையை நான் எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். தினம் விடிந்ததும் இரண்டு கூண்டின் எச்சத்தையும் பார்த்து, இறுகலா, நெகிழ்ச்சியா, நீர்த்ததா என்று நோட்டில் குறிக்க வேண்டும் என்றீர்கள். ஒரு நாள் தவறவில்லை. அரிசிக் கூண்டில் நெகிழ்ச்சி அதிகம் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அங்கப்பன், "காப்பிப் பழத்த எழுதுன கையி, இப்ப என்னத்த எழுதுது பாருங்க" என்றான். அவனிடம் நான் பேசி மூன்று வாரம் ஆகிறது.

இருபத்தேழாம் நாள் மத்தியானம், ஏற்காட்டில் ஏதோ விவசாயிகள் கூட்டத்துக்கு வந்தவர் அப்படியே பஸ் பிடித்து நம் ஊட்டு வாசலில் வந்து நின்றீர்களே, ஞாபகம் இருக்கிறதல்லவா? கல்யாணத்துக்குப் பிறகு மாதம்மாள் இல்லாமல் நீங்கள் தனியாக வந்தது அதுதான் முதல் தடவை. வந்ததும் கூண்டுப் பக்கம் நடந்தீர்கள். "மொதல்ல குளிங்க மாப்ளை, தண்ணி காயுது" என்று அத்தை உங்களைக் குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு என்னைக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"ஏனுங்க, ஊட்டுல கத்தரிக்காயும் ரசமும்தான் இருக்குது. மாப்ளைக்கு ரசஞ்சோறா போடறது?"

"அங்கப்பன்கிட்ட ஒரு சேவல் கேட்டுப் பாரேன்."

"கேட்டுட்டேன். மாரியாத்தாளுக்கு நேந்துவுட்டதாமா. குடுக்க மாட்டானாமா." சொல்லிவிட்டு அவள் கூண்டைப் பார்த்தாள். அவள் பார்வை போன திசையில் நானும் பார்த்தேன்.

"அடிப்பாவி, அது அவரோட ஆராய்ச்சிக் கோழி!"

"அவரு கோழிய அவருக்குத்தானுங்களே போடறோம்? நாமளா திங்கப் போறோம்?"

மாப்பிள்ளை, இதற்கு நீங்களே ஒரு பதில் சொல்லுங்கள் பார்ப்போம். தனியாக வந்த மாப்பிள்ளைக்குக் கோழி அடிக்காமல் அனுப்பினார்கள் என்று நாளைக்கு உங்கள் அம்மா ஒரு வார்த்தை சொன்னால் அது என் மகள் தலையில்தான் விடியும் என்றாள். அதற்குப் பிறகு எது என்பது ஒன்றுதான் பாக்கி. எடை நோட்டைப் பார்த்தேன். ஏழாம் நம்பர், ஒரு கிலோ முந்நூற்று நாற்பது. சோளத்தின் மகிமை! அதைப் பிடித்து அவள் கையில் கொடுத்துவிட்டு, குடலையாவது உங்களுக்காகப் பத்திரப்படுத்தலாம் என்று ஊறுகாய் பாட்டிலைத் தேடி உள்ளே போனேன். பாட்டிலைக் கழுவித் துடைத்து எடுத்துவருவதற்குள் கோழி மஞ்சள் பூசித் தீயில் வாட்டித் துண்டாகிவிட்டது. குடல் சட்டியில் மிளகோடு வதங்கிக்கொண்டிருந்தது.

"குடல வீணாக்குவாங்களா?" என்று கேட்கிறாள்! அந்தக் குடலுக்காகத்தான் இந்த மனுஷன் மூன்று வருஷமாகப் படிக்கிறார் என்று நான் சொல்ல, "அப்ப அவருக்கு நொம்பப் புடிக்கும்" என்றாள்.

நீங்கள் சாப்பிட உட்கார்ந்ததை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். முதல் தடவை குழம்பு வாங்கிப் பேசாமல் சாப்பிட்டீர்கள். இரண்டாம் தடவை வாங்கும்போது அந்த வறுவலைத் தொட்டுக்காட்டி, "இது என்னங்கத்தை, நொம்ப நல்லா இருக்குதே?" என்று கேட்டீர்கள். அத்தை வாயைத் திறப்பதற்குள் "ஈரலுங்க!" என்று நான் கத்தினேன். கோழிக் குடலில் பட்டம் வாங்கப் போகிறவரிடம் போய்க் குடலை ஈரல் என்று சொன்ன ஒரே ஆள் இந்த மலையில் நான்தான். கத்தின வேகத்தில் என் கையிலிருந்த கரண்டிக் குழம்பு முழுக்க உங்கள் வெள்ளைச் சட்டையில் கொட்டிவிட்டது. மூன்றாவது தடவையும் இலையை முன்னால் தள்ளி, "இன்னங் கொஞ்சம் ஊத்துங்கத்தை" என்றீர்கள். கை கழுவும்போது, "பன்னெண்டும் நல்லா இருக்குதுங்களா மாமா?" என்று கேட்டீர்கள். "பன்னெண்டும் பந்து மாதிரி இருக்குதுங்க. ஆனா வெளி ஆளுங்க கூண்டுகிட்டப் போனா கோழி மெரளும், நீங்களே தாள்ல எழுதியிருக்கறீங்க" என்று மடக்கினேன். நீங்கள் சிரித்தீர்கள். விடிந்ததும் முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டீர்கள். எதற்குச் சிரித்தீர்கள் என்று பத்து நாளாக நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் போன பிறகுதான் றெக்கைத் தகடு ஞாபகம் வந்தது. பிடுங்கி வைக்க வேண்டியவன் நான், மறந்துவிட்டேன். அடுப்புச் சாம்பலைச் சலித்தோம். குப்பைமேட்டைக் கிளறினோம். எச்சில் இலையைப் புரட்டினோம். அங்கப்பனின் நாய் ஒருவேளை தின்றிருக்குமோ என்று அதன் பின்னாலேயே ஒரு நாள் முழுக்கச் சுற்றினேன், எதற்கென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கேயும் இல்லை. அப்படியென்றால் குழம்போடு குழம்பாக நீங்கள் விழுங்கியிருக்க வேண்டும். ஏழாம் நம்பர் தகடு உங்கள் குடலில் கிடக்கிறதா என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாதம்மாளுக்கு ஃபோன் போட்டு, "கண்ணு, மாப்ளைக்கு வயிறு எப்படி?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்குதுப்பா, ஏன்?" என்றாள். சும்மா என்றேன்.

பிறகுதான் அந்தப் பாவத்தைச் செய்தேன். மாரமங்கலம் போய் ஏழாம் நம்பர் ஜாடையில் ஒரு கோழி பிடித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பவுடர் டப்பாத் தகரத்தை வெட்டி, ஆணியால் ஏழு போட்டு, றெக்கையில் குத்தினேன். திருப்பிப் பார்த்தால் ஒரு பொம்பளையின் பாதி முகம் தெரியும். அது வந்த நாளிலிருந்து கூண்டில் நிம்மதி இல்லை. சோளத்தைச் சீண்டுவதில்லை, பொடி கலந்தால் தட்டைக் கவிழ்க்கிறது, எட்டாம் நம்பரைக் கொத்துகிறது. நேற்று முட்டை வேறு வைத்துவிட்டது. நீங்கள் கொடுத்த இளங்கோழிகளுக்கு முட்டையிட இன்னும் இரண்டு மாசம் இருக்கிறது. இதன் குடலில் மாரமங்கலத்து மண்ணும் புழுவும்தான் இருக்கும். அது சோளத்தின் பலன் என்று நீங்கள் எழுதினால் ஊர் சிரிக்கும். நான் செய்தது தப்பு மாப்பிள்ளை. காப்பி எடையில் ஒரு நாளும் செய்யாததைக் கோழியில் செய்தேன். மன்னித்துவிடுங்கள். இன்னொரு விஷயம், குடல் போட்டு வைக்க நீங்கள் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய பெட்டியில் பதினொரு பாட்டில்தான் இருந்தது. படிப்பு அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. பரவாயில்லை, கழுவின ஊறுகாய் பாட்டில் என்னிடம் தயாராக இருக்கிறது.

மாதம்மாளுக்கு எங்கள் ஆசீர்வாதம். உங்கள் அம்மா அப்பாவுக்கு என் வணக்கம். நீங்கள் எந்தக் குறையும் இல்லாமல் பட்டம் வாங்கி, உங்கள் பேருக்கு முன்னால் டாக்டர் போட்டு இந்த விலாசத்திலிருந்து நான் கடிதம் எழுதும் நாள் வர, எங்கள் குலதெய்வம் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
தலை குனிந்து நிற்கும் மாமா,
வேடியப்பன்,
எஸ்டேட் ரைட்டர் (ஓய்வு)

பின்குறிப்பு: கவரை ஒட்டும் முன்னால் கடிதத்தை உங்கள் அத்தைக்குப் படித்துக் காட்டினேன். பாதியிலேயே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவள், முடித்த பிறகும் நிறுத்தவில்லை. "அந்தத் தகடு மாப்ளை சட்டைப் பையில இருந்துதுங்க. நீங்க கொளம்பு கொட்டுன சட்டைய அன்னிக்கே தொவைக்கப் போனேனுல்ல, அப்பப் பாத்தேன். கழுவித் தொடச்சுக் காகிதத்துல மடிச்சு வெச்சிருந்தாரு. காஞ்சதும் அந்தப் பையிலயே போட்டுட்டேன்" என்கிறாள். என்னோடு சேர்ந்து சாம்பல் சலித்தவள்! ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "மாப்ளையே சொல்லாம பெரிய மனுசனா நடந்துக்கிட்டாரு, நான் எதுக்குங்க சொல்றது? அதுவுமில்லாம நீங்க நாய் பொறத்தாண்ட சுத்துனது பாக்க நல்லா இருந்துது" என்கிறாள். இப்போதுதான் அந்தப் பாட்டில் பெட்டி என் மண்டையில் ஏறுகிறது. நீங்கள் எதையும் மறக்கவில்லை. நான்கு பக்கம் எழுதியதைக் கிழிக்க மனசில்லாமல் அப்படியே அனுப்புகிறேன். வியாழக்கிழமை வாருங்கள், மாரமங்கலத்துக் கோழி குழம்புக்கு.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும் என்று இருந்தேன்: மூன்றாவது தடவை வாங்கினீர்களே, அது தகடு கிடைக்கும் முன்னாலா, பின்னாலா என்று. நீங்கள் சிரமப்பட வேண்டாம். றெக்கை இரண்டையும் முதல் தடவையே வைத்துவிட்டதாக அத்தை சொல்கிறாள். அதற்குப் பிறகு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறீர்கள், மாப்பிள்ளை.