இருபத்து மூன்று தலையும் சரி

எனக்கு உருப்படியாகத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்றுதான்: தலை எண்ணுவது. என் வாழ்க்கையின் மிகப் பெரிய கூத்து நடந்த அன்றுகூட நான் எண்ணிக்கையில் தப்பு செய்யவில்லை. பிரச்சினையே அதுதான்.

பன்னிரண்டாவது பாஸ் செய்து, கல்லூரியில் ஒன்றரை வருடம் பெஞ்சைத் தேய்த்தேன். பிறகு ஊர் ஊராகச் சுற்றினேன். திருப்பூரில் பனியன் மடித்தேன். ஆந்திராவில் போர்வெல் லாரியில் ஏறி மண் தின்றேன். கேரளாவில் புரோட்டாவுக்கு மாவு பிசைந்தேன் (இன்றுவரை எனக்குப் புரோட்டா இறங்குவதில்லை). கல்யாணம் ஆன பிறகு சங்கரன்கோவிலுக்கே திரும்பி, ஒரு சின்னத் தனியார் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புக்கு வாத்தியாரானேன். ஐந்து வருடம் ஊரே என்னை 'சார்' என்றது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. யாராவது பார்வையிட வரும் நாளில் என் வகுப்பில் பிள்ளைகள் குறைந்தால், ஒன்றாம் வகுப்பிலிருந்து கொஞ்சம் உயரமானவர்களாகப் பார்த்து நாலு பேரைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார வைப்போம். வருகிறவர் தலையை எண்ணுவார், தலையை ஆட்டுவார், போய்விடுவார். எந்தத் தலை யாருடையது என்று ஒருவரும் கேட்டதில்லை. எனக்குக் கிடைத்த ஒரே ஆசிரியர் பயிற்சி இதுதான்.

பிறகு ஒரு நாள், முறையாகப் படித்தவர்களைத்தான் இனி வைத்துக்கொள்ள முடியும் என்றார்கள். அதுவும் நியாயம்தான். ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். இனி என்னிடம் நேரம் மட்டும்தான் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆறு மாதத்தில் மூன்று வேலை போனது. செல்போன் கடையில், ஒரே கேள்வியை இரண்டாவது தடவை கேட்டவரை, "முதல்லயே கவனிக்கணும்" என்று அதட்டினேன். ஜவுளிக்கடையில், ஒரே நேரத்தில் பேசிய நான்கு பெண்களைக் கை உயர்த்திவிட்டுப் பேசச் சொன்னேன். மூன்றாவதைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது.

என் மனைவி செல்வி தையல் மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்: "அடுத்ததும் ஆகலன்னா என் தம்பிகூடக் கோயம்புத்தூருக்குப் போயிருங்க. பட்டறைக்கு ஆள் கேக்கான்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயமாக இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டுப் போவது எனக்குப் புதிதில்லை. ஆனால் மகள் அப்போதுதான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். தினமும் நான்தான் சைக்கிளில் கொண்டுபோய் விடுவேன். அதை விட்டுப் போக மனசு வரவில்லை.

அந்த நேரத்தில்தான் வேன் வைத்திருந்த செல்லையா அண்ணாச்சி கூப்பிட்டார். கல்யாணம், கோயில் என்று ஆட்களை ஏற்றிப் போகும் வேனில் கூடப் போவதற்கு ஒரு ஆள் வேண்டுமாம்.

"வாத்தியாரா இருந்தவருன்னா நல்லதுதான் வே. சனங்களை மேய்க்கத் தெரியும்லா. ஒரு டிரிப் போயிட்டு வாரும். ஒழுங்கா முடிஞ்சா வேலை நிரந்தரம். ஒண்ணே ஒண்ணுதான். எத்தனை பேரை ஏத்துதீரோ அத்தனை பேரை இறக்கணும்."

இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

வாசுதேவநல்லூரில் கல்யாணம். பெண்ணும் பெற்றோரும் முந்தின நாளே மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். காலை ஆறு மணிக்குப் பெண் வீட்டுச் சொந்தக்காரர்கள் இருபத்து மூன்று பேரை ஏற்றினேன். டிரைவர் முருகன் காதோடு சொன்னார்: "பொண்ணுக்குத் தாய்மாமன் வாராரு, கோமதிநாயகம்னு. மச்சானும் மச்சானும் வரப்புத் தகராறுல எட்டு வருசமாப் பேசல. போன மாசந்தான் ராசியானாங்க. மாமா கையப் புடிச்சுதான் மணவறைக்கு வருவேன்னு பொண்ணு சொல்லிட்டா. அந்த மனுசன் மூஞ்சி கோணாமக் கொண்டுபோய்ச் சேத்துரும்."

கோணாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால் முதலில் அந்த மூஞ்சியைப் பார்த்திருக்க வேண்டும். நான் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆண்கள் அத்தனை பேரும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சீருடை மாதிரி இருந்ததில் எனக்கு ஏக சந்தோஷம்.

புளியங்குடியில் டீ குடிக்க நிறுத்தினோம். பத்து நிமிடம் கழித்து மூன்று தரம் கை தட்டினேன் (பள்ளிக்கூடத்துப் பழக்கம்). எல்லோரும் ஏறினார்கள். எண்ணினேன். இருபத்திரண்டு. கடைசி வரிசையில் ஜன்னலோர இருக்கை காலி. வெளியே பார்த்தால், தண்ணீர் டிரம்மின் பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டி நிதானமாக முகம் கழுவிக்கொண்டிருந்தது.

"என்ன இது? உங்க ஒருத்தருக்காக எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. ஏறுங்க!"

"நானா?"

"வேற யாரு? பேசக் கூடாது. உள்ள போங்க."

பேசாமல் ஏறிப் போய் உட்கார்ந்தார். இருபத்து மூன்று. விசில் கொடுத்தேன். வண்டி நகரும்போது பின்னால் ஒருவர் மஞ்சள் பையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். என்ன பாசமான ஊர் என்று நினைத்து நானும் கையாட்டினேன்.

மண்டப வாசலில் பெண்ணின் அப்பா சந்தனத் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொருவராக இறங்கினார்கள். அவர் கழுத்து நீண்டுகொண்டே போனது.

"மச்சான் எங்க?"

"இருபத்து மூணும் சரியா இருக்கு அண்ணாச்சி" என்றேன், பெருமையாக.

கடைசியாக இறங்கியவர் சந்தனத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். "இது யாரு?" என்றார் பெண்ணின் அப்பா.

"நான் புளியங்குடியில பஸ்ஸுக்கு நின்னேன்" என்றார் அவர். "இந்த சார் ஏறு ஏறுன்னு அதட்டினாரு. நானும் இங்கனதான் வரணும். சரி, சண்டை எதுக்குன்னு ஏறிட்டேன்."

வழியெல்லாம் அவரோடு முறுக்கு தின்ற ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பெண்ணின் அப்பா வழிச் சொந்தம் என்று அம்மா வழியினர் நினைத்தார்கள். அம்மா வழி என்று அப்பா வழியினர் நினைத்தார்கள். கோமதிநாயகமோ எட்டு வருடமாக எந்த விசேஷத்துக்கும் வராதவர். அவர் இல்லாதது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

செல்லில் கூப்பிட்டார்கள். வேனுக்குள் மேல்தட்டில் அவர் வைத்திருந்த துணிப்பையே மணியடித்தது. "கோவிச்சுக்கிட்டு இறங்கிட்டாரு போல" என்று யாரோ சொன்னார்கள். இரண்டு நிமிடத்தில் அது மண்டபம் முழுக்கச் செய்தியாகிவிட்டது. பெண்ணின் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, "என் தம்பி வர மாட்டான், எனக்குத் தெரியும்" என்று அழுதார். மாமா வராமல் அறையைவிட்டு வர மாட்டேன் என்று உள்ளே மணப்பெண். முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம்கூட இல்லை. முருகன் வேனைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் மனசுக்குள் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அப்போது மண்டப வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. எலுமிச்சம்பழ மூட்டைகளின் மேல், மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்தபடி, வெள்ளைச் சட்டையெல்லாம் அழுக்காக ஒருவர் உட்கார்ந்திருந்தார். இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

"நீருதான் அந்த வாத்தியாரா?"

"ஆமா அண்ணாச்சி." என் கைகள் தாமாகக் கட்டிக்கொண்டன.

"மச்சானுக்கு மரியாதையாக் கொடுக்க நல்ல எலுமிச்சம்பழமாப் பாத்து வாங்கிட்டு வந்தா, வண்டி போவுது. நிறுத்துன்னு கத்திக்கிட்டே ஓடி வாரேன். நீரு எனக்கு டாட்டா காட்டுதீரு!"

முதலில் சிரித்தது பெண்ணின் அப்பாதான். சந்தனத் தட்டு கையில் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கோமதிநாயகம் முறைத்துப் பார்த்தார். பிறகு அவருக்கும் அடக்க முடியவில்லை. "கோவிச்சுக்கிட்டுப் போயிட்டேன்னு சொல்லிருவியளேன்னுதான் கெடச்ச வண்டியில தொத்திக்கிட்டு வாரேன்" என்று பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து மச்சான் கையில் வைத்தார். ஐந்து நிமிடத்தில் மணப்பெண் மாமா கையைப் பிடித்துக்கொண்டு மணவறைக்கு வந்தாள். எலுமிச்சை வாசனை எனக்கு வாசல்வரை வந்தது.

(முகம் கழுவியவர் முதல் பந்தியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, "சார், திரும்பிப் போகும்போதும் இதே வண்டிதானே?" என்று கேட்டார்.)

சாயங்காலம் செல்லையா அண்ணாச்சியின் முன்னால் போய் நின்றேன். எல்லாம் அவர் காதுக்கு வந்திருந்தது.

"எத்தனை பேரை ஏத்தினீரோ அத்தனை பேரை இறக்கிட்டீரு. சொன்ன சொல்லு சுத்தம்" என்றார். நான் தரையைப் பார்த்தேன்.

"கோமதிநாயகம் போன் பண்ணினாரு. உம்மைத் தூக்கிரக் கூடாதாம். 'எட்டு வருசமா என்னைய ஒருத்தனும் தேடல அண்ணாச்சி. இன்னைக்கு மண்டபமே தேடிச்சு'ன்னு சொல்லுதாரு. நாளைக்கு ஒரு நோட்டு வாங்கிட்டு வாரும். தலைய எண்ணாம பேரை எழுதும்."

வெளியே வந்ததும், நாளைவரை காத்திராமல் அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு சைக்கிளில் வீட்டுக்குப் போனேன்.

இன்றைக்கும் அதே வேலைதான். வண்டி கிளம்பும் முன் நோட்டைத் திறந்து பெயர் வாசிக்கிறேன். அறுபது வயதுக்காரர்கள் சிரிக்காமல் "உள்ளேன் ஐயா" என்கிறார்கள்.

மகள் இப்போது நான்காம் வகுப்பு. சாயங்காலம் அவளைக் கூட்டிவர நான் சைக்கிளை எடுக்கும்போதெல்லாம் செல்வி உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: "மூஞ்சியப் பாத்து ஏத்திட்டு வாங்க!"

சிரித்துக்கொண்டேதான் போகிறேன். ஆனாலும் பள்ளிக்கூட வாசலில் ஒரே சீருடையில் நூறு பிள்ளைகள் ஓடி வரும்போது, குனிந்து நன்றாக முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுகிறேன். அவளும் பின்னால் உட்கார்ந்ததும் ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்துவாள்:

"உள்ளேன் அப்பா!"