இரண்டாம் மூடியில் மூன்று புள்ளி

காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்த கண்ணாடிக்காரருக்கு வெளியே தெரிந்தது மனைவியின் பாதங்கள் மட்டும்தான். அவை நின்ற நிற்பிலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது.

"என்னங்க, அப்பா போன் பண்ணாரு. நாளைக்கு வரலையாம். இன்னைக்கே நாலு மணிக்கு வந்துடுறாங்களாம்."

"இப்ப மணி என்ன?"

"பத்தரை."

எஞ்சினில் மிச்சமிருந்த கடைசிச் சொட்டு எண்ணெய், சமயம் பார்த்து அவர் நெற்றியில் விழுந்தது.

கார் மாமனாருடையது. மாமனார் எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தராசிலும் படியிலும் முப்பது வருடம் குற்றம் கண்டுபிடித்துப் பழகிய கண்ணுக்கு, ஓய்வுக்குப் பிறகு கிடைத்தது ஒரே ஒரு மாப்பிள்ளைதான். "உங்க கையில வேலை சுத்தம் இல்லை" என்று கல்யாணமான மறுமாதம் சொன்னவர், மூன்று வருடமாக அந்தத் தீர்ப்பை மாற்றவில்லை. இத்தனைக்கும் கடுகளவு திருகாணியைக் கை நடுங்காமல் மூக்குக்கண்ணாடியில் மாட்டுகிற பிழைப்பு இவருடையது.

அப்படிப்பட்டவர் பத்து நாளுக்கு முன்னால், மூத்த மகள் வீட்டுக்குக் கிளம்பும்போது, கார் சாவியை நீட்டினார். "சும்மா நின்னா வண்டி கெட்டுப்போகும். நீங்களே ஓட்டுங்க, மாப்பிள்ளை."

கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. முதல் நாள் சந்தோஷத்தில் காது கேட்கவில்லை. இரண்டாம் நாள்தான் எஞ்சினுக்குள் யாரோ கதவைத் தட்டுவது போல டக் டக் என்ற சத்தம் கேட்டது. நாலு நாள் ரேடியோவைச் சத்தமாக வைத்து ஓட்டினார். ஆறாம் நாள் ரேடியோ தோற்றுப்போனது.

தெருமுனை மெக்கானிக்கிடம் போக முடியாது. அவர் மாமனாரோடு தினமும் நடைப்பயிற்சி போகிறவர். வேறு வழியில்லாமல் போனில் வீடியோ பார்த்தார். ராடு பேரிங் தேய்ந்தால் இப்படித்தான் தட்டுமாம். எஞ்சினுக்குள் பிஸ்டன்களோடு ஏறி இறங்கும் நாலு ராடுகள். ஒவ்வொன்றின் அடியிலும் வளையலை இரண்டாக உடைத்தது போல மெல்லிய பேரிங். அதைப் பிடித்துக்கொள்ள ராடுக்கு ஒரு மூடி. "ஒரு ராடோட மூடியை இன்னொண்ணுக்குப் போட்டீங்க, எஞ்சின் காலி" என்று வீடியோக்காரர் மூன்று தடவை சொன்னார். மற்றபடி ஒரு நாள் லீவு இருந்தால் போதுமாம்.

ஆரம்பம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. பத்து வருட வண்டியின் போல்ட்டுகள் கை வைத்ததும் சுழன்று வந்தன. தனக்குள் ஒரு மெக்கானிக் இத்தனை நாள் தூங்கிக்கொண்டிருந்தான் என்று அவர் முடிவு கட்டினார்.

பிறகு எண்ணெய் பேசின் நிறைந்து வழிந்தது. துடைக்க எடுத்த துணி, காய்ந்துகொண்டிருந்த மனைவியின் புதுத் துப்பட்டா. அதை ஒளித்து வைக்க உள்ளே ஓடியதில், வாசலிலிருந்து பீரோ வரைக்கும் கறுப்புக் காலடிகள். அவற்றைத் துடைக்கப் போய்க் கூடமே கறுத்தது.

"விடுங்க, கூடத்தை நான் பார்த்துக்கிறேன்" என்றாள் மனைவி. "நீங்க வண்டியைப் பாருங்க."

மூடிகளைக் கழற்றும் முன் போனில் படம் எடுத்துக்கொண்டார். அதோடு விட்டாரா? மனைவியின் சிவப்பு நகப்பூச்சால் ராடிலும் மூடியிலும் ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று, நாலு என்று அடையாளம் போட்டார். பிறகு மூடிகளை மட்டும் கழற்றி, அழுக்குப் போகட்டும் என்று தின்னர் ஊற்றிய கிண்ணத்தில் போட்டு ஊறவைத்தார்.

தின்னர் நகப்பூச்சை என்ன செய்யும் என்று வீட்டில் ஒருவருக்குத் தெரியும். அவளை அவர் கேட்கவில்லை.

"கிண்ணத்துல ஏங்க செவப்பா இருக்கு?" என்று கேட்டபடி அவள் வந்தபோது மணி ஒன்று.

அவர் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். நாலு மூடிகளும் பளபளவென்று, ஒரு பிரசவத்தில் பிறந்தவை போல, எது எது என்று தெரியாமல் கிடந்தன.

"போட்டோ எடுத்தீங்களே, அதுல பாருங்க."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒவ்வொரு மூடியிலும் சின்னச் சின்னப் புள்ளிகள் குத்தியிருந்தன. ராடுகளிலும் இருந்தன. கம்பெனியிலேயே போட்ட அடையாளம். போன உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் மறுபடி போனது. படத்தில், இரண்டு புள்ளி ராடில் மூன்று புள்ளி மூடி இருந்தது. மூன்று புள்ளி ராடில் இரண்டு புள்ளி மூடி.

பேரிங் வாங்கிய கடைக்குப் போன் போட்டார்.

"புள்ளியும் புள்ளியும் சேரணும் சார்" என்றார் கடைக்காரர்.

"போட்டோல வேற மாதிரி இருக்கே."

"அப்ப போட்டோ தப்பு."

"போட்டோ எப்படிங்க தப்பா இருக்கும்?"

"சார், கடையில நாலு பேர் நிக்கிறாங்க." போன் வைக்கப்பட்டது.

கண்ணாடிக்காரர் மூடிகளைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். இருந்தபடியே மாட்டுவதா, புள்ளிப்படி மாட்டுவதா? கம்பெனிக்காரன் தப்பாக மாட்டி அனுப்புவானா? அந்தத் தப்போடு பத்து வருடம் வண்டி ஓடுமா? தவறாக மாட்டினால் போவது எஞ்சின் மட்டுமல்ல. மூன்று வருடம் காத்திருந்து, சாவி உருவத்தில் கிடைத்த அந்த ஒரு துளி நம்பிக்கையும் போய்விடும். அதை நினைத்தால் அழுகையே வந்தது.

மனைவி பக்கத்தில் குந்தினாள். "உங்க கடைக்கு ஒருத்தர் வர்றாரு. அவர் போட்டிருக்கிற கண்ணாடியில ஒரு பவர், டாக்டர் சீட்டுல வேற பவர். நீங்க எதை மாட்டுவீங்க?"

"சீட்டுல இருக்கிறதைத்தான்."

"அப்ப புள்ளிதான் சீட்டு. மாட்டுங்க."

மாட்டினார். புதுப் பேரிங், பொருந்திய புள்ளிகள், வீடியோவில் சொன்ன அளவுக்கு இறுக்கம். எஞ்சினின் அடியை மூடும் கீழ்த் தட்டை ஒட்டும் பசை காய இரண்டு மணி நேரம் ஆகும் என்று போட்டிருந்தது. அவரிடம் ஒரு மணி நேரம்தான் இருந்தது. மனைவியின் முடி உலர்த்தியும் அன்று வேலை பார்த்தது. மூன்றே முக்காலுக்கு எண்ணெய் ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு சாவியைத் திருப்பினார்.

டக் டக் இல்லை. எஞ்சின் ஓடுகிறதா என்றே சந்தேகம் வரும்படி ஓடியது. அவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார். அணைத்துவிட்டு இறங்கும்போது, வாடகைக் கார் வாசலில் வந்து நின்றது.

மாமனாரின் பார்வை நேராக அவர் கைகளுக்குப் போனது. முழங்கை வரை கறுப்பு.

"என்ன மாப்பிள்ளை இது?"

பொய் சொல்லத்தான் நினைத்தார். வாய் உண்மையைச் சொல்லிவிட்டது. "எஞ்சின்ல சத்தம் வந்துச்சு மாமா. ராடு பேரிங் மாத்தினேன். நானே."

மாமனார் காரில் ஏறி ஸ்டார்ட் செய்தார். ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். அணைத்தார். மறுபடி ஸ்டார்ட் செய்து, தலையைச் சாய்த்து வெகுநேரம் கேட்டார்.

"எந்த மூடி எந்த ராடுக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"புள்ளியைப் பார்த்து, மாமா."

"புள்ளி" என்று மாமனார் மெதுவாக ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமினார். "கத்துக்குட்டிங்க கை வைக்கிற இடமா மாப்பிள்ளை அது? ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆகியிருந்தா?" சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

கண்ணாடிக்காரர் தலையைத் தொங்கப்போட்டபடி நின்றார். பையோடு பின்தங்கிய மாமியார், உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மனசுல வெச்சுக்காதீங்க மாப்பிள்ளை, ஊருக்குப் போறதுக்கு மொத நாள் இவரும் போனைப் பார்த்துக்கிட்டு இதையேதான் பிரிச்சு மாட்டினாரு, மாட்டின அப்புறம் லேசா சத்தம் வந்ததும்தான் சாவியை உங்ககிட்ட குடுத்துடலாம்னு சொன்னாரு."