பெட்டிக்குக் கட்டிய தாரம்

மார்கழி ஓசூரின் மேல் ஓசையின்றி இறங்கும். ஏரியில் எழும் பனி முதலில் குன்றின் மேலிருக்கும் கோயிலை மறைக்கும். பிறகு தெருவிளக்குகளைப் பொதிந்துகொள்ளும். வைகறையில் தொழிற்சாலைப் பேருந்துக்காக நிற்பவர்கள், முக்காடிட்ட அடியார் கூட்டம்போல் மௌனம் காப்பார்கள். பதிகமும் பாசுரமும் கேட்பதற்கென்றே இறைவன் ஒதுக்கிவைத்த மாதம் அது.

அந்த மாதத்தில்தான் தொழிலாளர் குடியிருப்பின் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கெல்லாம் தோஷம் பிடித்தது.

பிடித்ததைக் கண்டுபிடித்தவர் ஒலிச்சித்தர் ஸ்வரானந்தர். வைத்தியர் மனிதருக்கு நாடி பார்ப்பார். இவர் ஸ்பீக்கருக்கு நாடி பார்த்தார், அதுவும் இலவசமாக. இலவசம் என்றால் பாம்புக்கடிக்கும் வரிசையில் நிற்பவர்கள் நம்மவர்கள். நின்றார்கள்.

ராஜலட்சுமியின் கணவன் நல்லுசாமியும் நின்றான். மணப்பாறைப் பக்கத்திலிருந்து கியர் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவன். கைக்கு அடக்கமான செலவில், பழைய ஆம்ப்ளிஃபயர் ஒன்றைச் சந்தையில் பிடித்து, ஸ்பீக்கர் இரண்டை வேறொரு கடையில் பேரம் பேசி, ப்ளைவுட்டை அறுத்துப் பெட்டியைத் தானே செய்திருந்தான். முதல்நாள் நாகசுரக் கச்சேரி போட்டபோது தவில் அவள் அடிவயிற்றில் அதிர்ந்தது.

"வாசிக்கிறவரு நம்ம வீட்டுலயே உக்காந்திருக்காருங்க," என்றாள். அதற்குமேல் ஒரு விருது அவனுக்கு வேண்டியிருக்கவில்லை.

மறுவாரம் சித்தர் வந்தார். பெட்டிகளின் பின்புறம் பட்டுத்துண்டைப் போர்த்தி, அதற்குள் கைவிட்டு நாடி பார்த்துவிட்டுப் போனார். அன்று முதல் தவில் தகர டப்பா ஆயிற்று. பாடகரின் குரல் நடுவில் நில்லாமல் சுவரோரமாய் அலைந்தது.

"உள்ள இருந்த தோஷம் வெளிய வந்திருச்சு லட்சுமி," என்று விளக்கினான் நல்லுசாமி. வைத்தியர் வந்துபோன பிறகு நோய் வந்ததேன் என்று யோசிக்க அவனுக்கு ஷிஃப்ட் இடம் கொடுக்கவில்லை.

ஞாயிறன்று சித்தர் பரிகாரத்துக்கு எழுந்தருளினார். தெருவே கூடிற்று. பெட்டிகளைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"பெட்டிக்கு தாரம் லேது. தாரம் கட்டாலி."

நல்லுசாமி திகைத்தான். "பொட்டிக்குப் பொண்டாட்டியா சாமி? ரெண்டு பொட்டி இருக்கே, ரெண்டு வேணுமா?"

"ஒண்ணையே சமாளிக்க முடியல உனக்கு," என்றது ஒரு பின்வரிசைக் குரல்.

தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட அடுத்த வீட்டு நாராயணம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அண்ணா, எங்க பேச்சுல தாரம்னா நூலு. நூல் கட்டணும்கறாரு," என்றாள்.

பழந்தமிழிசையில் ஏழாம் சுரத்துக்கும் தாரம் என்றே பெயர். மனைவி, நூல், சுரம் மூன்றையும் ஒரே சொல்லில் முடிந்துவைத்தவர் சாமானியராக இருக்க முடியுமா? கூட்டம் கைகூப்பியது.

ஓடிக்கொண்டிருந்த பாட்டைச் சித்தர் நிறுத்தினார். "அந்தரும் கண்ணு மூடுங்க."

எல்லாரும் மூடினார்கள். ராஜலட்சுமி மூடவில்லை. கருவறை முன்னும் அவள் கண்ணை மூடுவதில்லை. காணத்தானே போகிறோம் என்பாள். ஆகவே இடப்பக்கத்துப் பெட்டியின் பின்னால் சித்தரின் விரல்கள் செய்த திருத்தொண்டை முழுவதும் கண்டாள். சிவப்பு ஓட்டையிலிருந்த கம்பி கருப்புக்குப் போயிற்று. கருப்பிலிருந்தது சிவப்புக்கு வந்தது. அதற்கு மேல் நூல் ஏறிற்று.

பாட்டு மீண்டும் எழுந்தது. தவில் பழையபடி அதிர்ந்தது. தெரு மெய்சிலிர்த்தது.

"இது பஞ்சு நூல். சாயந்திரம் வரைக்கும்தான் தாங்கும். பொன் இழை போட்ட தாரம் கட்டினா ஆயுசுக்கும் நிக்கும். பொன் மட்டும் நீங்க குடுக்கணும்," என்ற சித்தர், பார்வையை ராஜலட்சுமியின் தோட்டில் நிறுத்தினார். பொன் என்றவுடன் அவர் நாவில் தமிழ் எவ்வளவு சரளமாய்ப் புரண்டது.

அவளிடம் இருந்த பொன் அந்தத் தோடு மட்டுமே.

"கழட்டிக் குடு லட்சுமி. தீபாவளிக்கு வேற வாங்கித் தரேன்."

"எந்தத் தீபாவளிக்குங்க?"

நல்லுசாமி பெட்டியின் மேலிருந்த தூசியைத் துடைக்கத் தொடங்கினான்.

"காது குளிரணும்னா காதுல கெடக்கறதக் கழட்டணுமா? எனக்கு ஒரு சின்ன சந்தேகம் சாமி," என்றவள் கத்தரிக்கோலை எடுத்துவந்து நூலை அறுத்தாள். கூட்டம் மூச்சை உள்ளிழுத்தது. தவில் அதைப் பொருட்படுத்தவில்லை. தாரம் போன பிறகும் பெட்டி தாராளமாய் முழங்கியது.

"சக்தி கொஞ்ச நேரம் தங்கும்," என்றார் சித்தர், நெற்றியைத் துடைத்தபடி. அந்த மார்கழியில் ஓசூரில் வியர்த்தவர் அவர் ஒருவரே.

"அப்பச் சரி. வேற விதமாப் பாப்போம்." பாட்டை நிறுத்தி, அறுந்த நூலை முடிச்சிட்டு முன்னிலும் இறுக்கமாகக் கட்டினாள். பிறகு அத்தனை பேர் கண்களும் திறந்திருக்க, சிவப்புக் கம்பியையும் கருப்புக் கம்பியையும் இடம் மாற்றிச் செருகிப் பாட்டைப் போட்டாள். தகர டப்பா. நூல் மட்டும் கம்பீரமாய் இருந்தது. மறுபடி மாற்றினாள். தவில் வந்தது.

பெட்டி செய்தவனுக்கு அப்போதுதான் உறைத்தது. "ஒரு பொட்டி காத்த முன்னத் தள்ளயில, இன்னொண்ணு பின்ன இழுத்திருக்கு. ஒண்ண ஒண்ணு தின்னுருச்சு. அடப்பாவி."

நாராயணம்மா நெருங்கி வந்து, "மீதி ஏ ஊரு சாமி?" என்று தெலுங்கில் அவர் ஊரைக் கேட்டாள். சித்தர் விழித்தார். மறுபடியும் கேட்டாள்.

"எனக்கு அவ்ளோதாம்மா வரும். மத்தூருங்க," என்றார் தெள்ளத் தெளிந்த தமிழில்.

நாடி பார்த்த வீடுகளுக்கெல்லாம் அவரை ஊர்வலமாக அழைத்துப் போனார்கள். முந்தைய தெருக்களில் வாங்கியிருந்த பொன்னை வாசல் வாசலாகத் திருப்பி வைத்தார். இன்னும் பரிகாரம் ஆகாத ஒவ்வொரு பெட்டியின் பின்னும் குனிந்து கம்பியை நேராக்கினார். அவர் வாழ்வில் செய்த முதல் உண்மையான பரிகாரம் அதுவே. பக்தி செய்யுங்கள், அன்பர்களே; ஆனால் கண்ணை மூடச் சொல்பவனுடைய கை எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள்.

அந்தியில் ராஜலட்சுமி விளக்கேற்றினாள். நல்லுசாமி ஒரு பதிகத்தை மெல்லிய ஒலியில் வைத்தான். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே, ஓதுவாரின் குரல் வந்து நின்ற வெற்றிடத்தில், அவள் ஒரு செவ்வந்திப் பூவை வைத்து வணங்கினாள்.

கேட்கும் செவிகள் வாழ்க. கேள்வி கேட்கும் வாய்களும் நீடு வாழ்க.