முப்பத்தாறரை மணி நேரச் சனிக்கிழமை

செங்கல்பட்டு
19.8.2002

செல்வமகள் வசுமதிக்கும் மாப்பிள்ளை பரணிதரனுக்கும் அப்பா உலகநாதனின் ஆசிகள். இங்கே மழை இல்லை. மற்றபடி குறை இல்லை. பேத்தி சஹானாவின் போட்டோ கிடைத்தது.

விஷயம், சென்னையிலிருந்து ஹாங்காங் வழியாக உங்கள் சான் பிரான்சிஸ்கோவுக்கு வர நீங்கள் அம்மாவுக்கு அனுப்பிய டிக்கெட். செப்டம்பர் 21, சனிக்கிழமை. மூன்று வருஷமாக அவள் சனிக்கிழமை சோறு தொடுவதில்லை என்பது உனக்குத் தெரியும். வெள்ளி ராத்திரி எட்டுக்குச் சாப்பிட்டால் அடுத்தது ஞாயிறு காலை ஏழுக்கு. முப்பத்தைந்து மணி நேரம். போன மாதம் குழாயடியில் மயங்கி உட்கார்ந்துவிட்டாள். உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள், அதனால் எழுதுகிறேன்.

பஸ் ஸ்டாண்டில் முப்பத்திரண்டு வருஷம் டைம் கீப்பராக இருந்தவன், தூரம் பார்க்காமல் ஆளை அனுப்புவேனா? கல்பாக்கத்தில் வேலை பார்க்கும் எதிர்வீட்டு ரவிச்சந்திரனிடம் உலக உருண்டை வாங்கி, பூ கட்டும் நூலால் அளந்தேன். "இன்னாத்துக்கு ஒலகத்துக்கு நூல் சுத்திகினு கீறீங்க? சாமிக்குப் பூ கட்ட வாணாமா?" என்றாள் அம்மா. ஹாங்காங்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ சுமார் பதினோராயிரத்து நூறு கிலோமீட்டர். இங்கிருந்து மாமல்லபுரத்துக்கு முந்நூற்று எழுபது டிரிப். நடுவில் டீக்குக்கூட நிறுத்தமாட்டார்களாம்! அதுகூடப் பரவாயில்லை. சனிக்கிழமை பகல் ஒரு மணிக்குக் கிளம்பி, பன்னிரண்டு மணி நேரம் பறந்து, அதே சனிக்கிழமை காலை பத்துக்குப் போய்ச் சேருகிறது. கிளம்பிய நேரத்துக்கு முன்னால் வந்து சேரும் வண்டியை என் சர்வீஸில் பார்த்ததில்லை; பார்த்திருந்தால் டிரைவருக்கு மெமோ கொடுத்திருப்பேன். ரவிச்சந்திரன் டார்ச் அடித்து உருண்டையைச் சுற்றிக் காட்டினார். ஒரே சனிக்கிழமையில் உன் அம்மா இரண்டு தடவை சூரியன் உதிப்பதைப் பார்ப்பாள்! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பிறகுதான் பட்டினிக் கணக்கைப் போட்டேன். இங்கத்து நள்ளிரவில் தொடங்கி உங்கள் ஊர் நள்ளிரவில் முடிவதால், அவளுக்கு அந்தச் சனிக்கிழமை முப்பத்தாறரை மணி நேரம். பட்டினி நாற்பத்தேழரை. ஐம்பத்தெட்டு வயசும்மா, தாங்குமா? சொன்னா, "ரெண்டு வாட்டி சூரியன் வந்தா ரெண்டு வாட்டி கும்புட்டுக்கிறேன்"னு சிரிக்கிறா. இவளோட ஒரே பேஜாரு.

ஆகவே டிக்கெட்டை ஞாயிற்றுக்கிழமைக்கு உடனே மாற்றவும்.

மூவரும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, நீடு வாழ வேண்டும்.

அன்புடன் அப்பா

பி.கு.: டிக்கெட்டை மாற்ற வேண்டாம். ஒட்டுவதற்கு முன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இந்த விரதம் எதற்கு என்று நான் இதுவரை கேட்டதே இல்லை. எனக்கு ஏழரைச் சனி, அதற்காக இருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். திருவிடந்தைப் பெருமாளிடம், உனக்குக் குழந்தை பிறந்து அதன் முகத்தைப் பார்க்கும்வரை என்று வேண்டிக்கொண்டாளாம். "அதான் போட்டோ வந்துடுச்சே" என்றேன். "போட்டோல பார்த்தா கணக்கு தீருமா? கையில வாங்கணும்" என்றாள். அவள் ஏர்போர்ட்டைவிட்டு வெளியே வரக் காலை பதினொன்று ஆகும். குழந்தையை வாங்கியதும் விரதம் முடிந்துவிடும் என்றால் பட்டினி இருபத்தேழரை மணி நேரம்தான், வீட்டில் இருப்பதைவிட ஏழரை குறைவு. சஹானாவையும் தயிர்சாதத்தையும் தூக்கிக்கொண்டு பத்துக்கே வாசலில் நில்லுங்கள். குழந்தையை முதலில் கொடு.