சாம்பற்கிளியின் இளைப்பு

மார்கழி, திருவரங்கத்தின்மேல் மெல்ல இறங்கியிருந்தது. இரு நதிகளுக்கிடையே கிடந்த தீவைப் பனி வெண்பட்டாய்ப் போர்த்தியிருக்க, கோபுரங்கள் பாதி தெரிந்தும் பாதி மறைந்தும் தியானத்தில் நின்றன. எங்கோ ஒரு வீதியில் எழுந்த பாசுரம் ஈரக்காற்றில் கரைந்து அடங்கிற்று.

அந்த மௌனத்தில்தான் பீமராவ் வீட்டுக் கூண்டுக்குள்ளிருந்து, "ஹ்ஹீ… ஹ்ஹீ…" என்று மூச்சு இழுக்கும் ஒலி கேட்டது.

அந்தச் சாம்பற்கிளி மகள் ரஞ்சனியின் உயிர். பறவைகளின் நுரையீரலில் இரத்தம் ஓடும் விதத்தைச் சென்னையில் ஆராய்பவள், அதைத் தந்தையிடம் ஒப்படைத்திருந்தாள். ரயில்வேயில் ஓய்வுபெற்ற பீமராவ், அவள் திரும்புவதற்குள் அதைப் பறிகொடுத்துவிடுவோமோ என்று நடுங்கினார். சன்னல்களையெல்லாம் அடைத்தார், பனிக்கு இதமாகச் சாம்பிராணியும் போட்டார். இழுப்பு இரு மடங்காயிற்று.

ரஞ்சனியைத் தொலைபேசியில் அழைத்தார்.

"போனைக் கூண்டுகிட்ட பிடிங்கோப்பா."

பீமராவ் குனிந்து பிடித்தார்.

"நன்னா கேக்கறதே. என்ன பண்ணேள்?"

"ஒண்ணும் பண்ணலைம்மா. சன்னலைச் சாத்தி, துளி சாம்பிராணி…"

"புகையா? அப்பா, அதோட நுரையீரல் நம்மளது மாதிரி உப்பிச் சுருங்காது. காத்து ஒரே பக்கமா ஓடிண்டே இருக்கும். அதுல ஆக்சிஜன் குறைஞ்சா ரத்தக்குழாய் இறுகிடும். ரத்தத்தைத் தள்ள முடியாம இதயம் தவிக்கும். உடனே நல்ல காத்துக்குக் கொண்டுபோங்கோ."

நல்ல காற்று மொட்டை மாடியில் இருந்தது. கூண்டைச் சுமந்து மூன்று மாடி ஏறினார். உச்சியை அடைந்தபோது கிளி கொல்லன் துருத்தியாய் இரைந்தது.

உடனே கீழிறங்கி ஆட்டோ பிடித்தார்.

"கூண்டுக்குள்ள கிளியா, டீசல் இன்ஜினா சாமி?" என்றார் ஓட்டுநர்.

"பேசாம ஓட்டுப்பா. அது போயிட்டா என் பொண்ணு முகத்துல முழிக்க முடியாது."

சத்திரம் பேருந்து நிலையத்தருகே, மாடியில் இருந்தது கால்நடை மருத்துவர் ஆபிதாவின் கிளினிக். பீமராவ் படியேறி வந்து கூண்டை மேசைமேல் வைத்தார். ஆபிதா கிளியின் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். வாலை உற்றுப் பார்த்தார். பிறகு பீமராவை அதைவிட நெடுநேரம் பார்த்தார்.

"வீட்ல யார் யார் இருக்கீங்க?"

"நானும்… கிளியும்தான்… ஒரு மாசமா…"

"கிளிக்கு மூச்சு முட்டினா வால் மேலயும் கீழயும் ஆடும் சார். இது ஆட்டவே இல்ல. இதயமும் நல்லா இருக்கு."

"அப்போ… இந்த இழுப்பு?"

"இழுப்பு உங்களுக்கு. கிளி உங்களை மாதிரிப் பேசுது, அவ்வளவுதான். கீழ மனுஷ டாக்டர் இருக்கார், மெதுவா இறங்கிப் போங்க."

பீமராவ் அரங்கன் துயிலும் வடதிசை நோக்கிக் கைகூப்பி, கண்மூடித் தலைதாழ்த்தினார். அத்திசையில்தான் கூண்டும் இருந்தது.

தன்முன் வணங்கிய தலையைக் கண்ட கிளி, இழுப்பை நிறுத்திவிட்டு, பீமராவின் குரலிலேயே கம்பீரமாய்ச் சொல்லிற்று:

"தீர்க்காயுஷ்மான் பவ."