மாமனாரின் கார்டும் என் வால்வும்

மோட்டார் சைக்கிளைத் தானே பிரித்துப் பூட்டத் தெரியும் என்று சொல்கிறவர்களில் பாதிப் பேருக்குப் பிரிக்க மட்டுமே தெரியும். ஐம்பதுகளில், ஓசூரில், நான் அந்தப் பாதியில் இருந்தேன்.

அப்போது நான் ஒரு பத்திரிகைக்கு வட்டாரச் செய்தியாளன். பட்டாள ஏலத்தில் வந்த பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருந்தேன். சம்பளம் ஒழுங்காக வராது. வண்டி ஒழுங்காகக் கிளம்பாது. (இரண்டைப் பற்றியும் வெளியில் பெருமையாகவே பேசுவேன்.) சேலத்திலிருந்து வந்திருந்த மாமனாருக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. அவர் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். தபால் இலாகாவில் எனக்கு ஒரு குமாஸ்தா வேலை பார்த்து வைத்திருந்தார். நான் சரி என்றால் போதும், தெரிந்த அதிகாரிக்கு ஒரு கார்டு போட்டுவிடுவார்.

“நாளைக்குக் கிருஷ்ணகிரியில நான் பஸ் ஏறறதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லிடுங்க மாப்பிள்ளே. கார்டு சட்டைப் பையிலயே இருக்கு.”

பத்திரிகையை விட எனக்கு மனமில்லை. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லத் தைரியமும் இல்லை. ஆகவே செய்து காட்டுவது என்று முடிவு செய்தேன். அவர் கண்ணெதிரே எஞ்சினைப் பிரித்து, வால்வு தேய்த்து, மறுநாள் அதே வண்டியில் அவரைக் கிருஷ்ணகிரியில் இறக்கிவிட்டால், மாப்பிள்ளை உருப்படாதவன் அல்ல என்பது தானாக விளங்கிவிடும்.

கூடத்தில் சாக்கை விரித்தேன். எஞ்சினுக்குள் படிந்த கரியைச் சுரண்டத் தோசைத் திருப்பி கிடைத்தது. வால்வில் தேய்ப்புப் பசை தடவி, அது உட்காரும் இடத்தில் வைத்து, அதன் தலையில் ஒட்டவைத்த குச்சியை மத்துப் போல இரு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினேன். என் மனைவி சாரதா எட்டிப் பார்த்தாள்.

“வெண்ணெய் திரண்டா சொல்லுங்க. அடுப்பு சும்மாதான் எரியுது.”

ஸ்பிரிங்கை மாட்டும்போது அது எகிறி மாமனாரின் காப்பி டம்ளரில் விழுந்தது. அவர் அதை இரண்டு விரலால் எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, காப்பியைக் கொல்லையில் கொட்டினார். டம்ளரை இரண்டு தடவை கழுவினார். (ஒரு தடவை திட்டியிருக்கலாம்.)

கடைசி வேலை இடைவெளி. சூட்டில் இரும்பு நீளும் என்பதால் வால்வுக்கும் அதைத் தூக்கும் தண்டுக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட வேண்டும். அளக்கும் தகடு என்னிடம் இல்லை. ‘ஒரு காகிதக் கனம்’ என்று யாரோ சொன்னது நினைவிருந்தது. பத்திரிகைக்காரனுக்குக் காகிதம் என்றால் எது? கையருகே கிடந்த எங்கள் பத்திரிகையில் ஒரு துண்டு கிழித்தேன், அளந்தேன், முடுக்கினேன். மீதித் தாளில் ஸ்பானர்களைச் சுற்றி வைத்தேன்.

காலையில் வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது. சாரதாவைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தேன். சூளகிரி தாண்டும் முன் எஞ்சின் இருமி நின்றது. ஆறியதும் கிளம்பியது. சூடானதும் மறுபடி நின்றது. மூன்றாவது தடவை நின்ற இடத்தில் ஒரு புங்கமரம் இருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் தெலுங்கில் விசாரித்தார்.

“ஏமி சாமி, பண்டி சச்சிபோயிந்தா?”

“என்ன சொல்றார்?” என்றார் மாமனார்.

“நல்ல வண்டிங்கறார் மாமா.”

“செத்துப்போச்சான்னு கேக்கறார். நான் தெலுங்குச் சீமையில, பெனுகொண்டாவுல, பத்து வருஷம் போஸ்ட்மாஸ்டர்.”

நான் ஸ்பானர்களை எடுத்தேன். அவர் மரத்தடியில் உட்கார்ந்து, அவற்றைச் சுற்றியிருந்த தாளைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தார். வேறு வழியில்லாமல்தான்.

“அஞ்செட்டிக்கு மழையில பாதை போயி, தபால் நின்னு கிடந்ததுன்னு போட்டிருக்கே. இது யாரு எழுதினது?”

“நான்தான்.”

“அந்தக் காட்டுக்கு எப்படிப் போனீங்க?”

“இந்த வண்டியிலதான். பாதி தூரம் தள்ளிக்கிட்டு.”

அவர் மறுபடி தாளுக்குள் போனார். “நடுவுல ஒரு துண்டைக் காணோமே? அப்புறம் தபால் போச்சா இல்லையா?”

“போச்சுங்க மாமா. அந்தத் துண்டை வெச்சுத்தான் நேத்து இடைவெளி அளந்தேன்.”

சொல்லும்போதே எனக்கு உறைத்தது. வேண்டிய இடைவெளியில் பாதிகூட நான் விடவில்லை. சூட்டில் நீண்ட வால்வு மூட இடமில்லாமல் திறந்தே நின்றிருக்கிறது.

“உங்க பேப்பர்ல கனம் கிடையாதுன்னு கல்யாணத்தப்பவே சொன்னேன்” என்றார் மாமனார். பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தக் கார்டை எடுத்தார். ஒரு நிமிடம் அதையே பார்த்தார். ஓரத்தை நகத்தால் மடித்து, நேர்கோடாகக் கிழித்து நீட்டினார். “சர்க்கார் காகிதம். இதை வெச்சுப் பாருங்க.”

எஞ்சின் ஆறும்வரை இருந்து, கார்டுக் கனத்துக்கு முடுக்கினேன். இடைவெளி சற்று அதிகம்தான். எஞ்சின் தையல் மிஷின் போல டகடகவென்றது. ஆனால் நிற்கவில்லை. கிருஷ்ணகிரியில் சேலம் பஸ் உறுமிக்கொண்டிருந்தபோது போய்ச் சேர்ந்தோம்.

என் வாய் சும்மா இருக்கவில்லை. “மாமா, அந்த வேலைக்குக் கார்டு? அதோ, எதிர்லயே போஸ்டாபீஸ்...”

“போஸ்டாபீஸ் எங்க இருக்குன்னு எனக்குச் சொல்லித் தர்றீங்களா?” என்று கேட்டுவிட்டு அவர் பஸ்ஸில் ஏறிக்கொண்டார். அந்த வேலையைப் பற்றி அதன் பிறகு பேசவே இல்லை.

நான் கடைசிவரை பத்திரிகையிலேயே இருந்தேன். டகடக சத்தத்தையும் மாற்றவில்லை. தெருக்கோடியில் அது கேட்டதும் சாரதா குழம்பைச் சூடு பண்ணிவிடுவாள். மாமனார் மாதம் தவறாமல் மகளுக்குக் கார்டு எழுதினார். சேலத்து மழை, மாமியாரின் முழங்கால் வலி எல்லாம் இருக்கும். கடைசி வரி மட்டும் எனக்கு: ‘எஞ்சினுக்குத் தேவைப்பட்டால் இதையும் கிழித்துக்கொள்ளவும்.’

இன்றும் வீட்டில் நான் எதையாவது பழுது பார்க்க உட்கார்ந்தால், பேரப்பிள்ளைகள்வரை கேட்கிற கேள்வி, “கார்டு வேணுமா?” என்பதுதான். கார்டுகள் எல்லாம் பீரோவில் இருக்கின்றன. ஒன்றைக்கூட நான் கிழிக்கவில்லை.