ரன்னிங்ல பாத்துக்கலாம்

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும், ஓடிக்கொண்டிருக்கும் எதையும் தன் கையால் நிறுத்தாமலே காலம் தள்ளிய ஒரே மனிதர் ரன்னிங்தான். மற்ற மாவட்டங்களை நான் விசாரிக்கவில்லை.

ரன்னிங் என்பது பட்டப்பெயர். தொழில், கம்ப்யூட்டர் ரிப்பேர். எந்தக் கடைக்குப் போனாலும், கடைக்காரர் சுவிட்சை நோக்கிக் கை நீட்டியதுமே பதறிப்போய், "வேணாங்க, ரன்னிங்ல பாத்துக்கலாம்" என்பார். பெரும்பாலும் பார்த்தும் விடுவார். சில சமயம் விரல்களை உதறிக்கொண்டு கொஞ்ச நேரம் வாசலில் உலாவிவிட்டு வருவார்.

அவருடைய மொபெட் காலையில் கிளம்பினால், இரவு வீட்டில் வேறு யாராவது நிறுத்தும்வரை ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே அவர் வேலை பார்ப்பார், வெளியே அது தன்பாட்டுக்கு இருமிக்கொண்டு நிற்கும். எங்கள் தெருவில் புகை வந்தால் கொசு மருந்து வண்டியா, ரன்னிங்கா என்று எட்டிப் பார்ப்போம்.

பஸ்ஸும் அப்படித்தான். பெரம்பலூர் நிலையத்தில் அரியலூர் பஸ் காலியாக நிற்கும். இவர் வெளிவாசல் பக்கம் நிற்பார். "ஏறி உக்காருங்களேன்" என்று கண்டக்டர் கூப்பிட்டால், "கிளம்பட்டுங்க" என்பார். வாசலைத் தாண்டி வேகம் எடுக்கும்போது ஏறுவார். உட்கார இடம் இருக்காது. அதைப் பற்றி அவர் குறைபட்டதே இல்லை.

அரியலூரில் ஒரு பலகாரக் கடையில் பில் போடும் கம்ப்யூட்டரைச் சரிசெய்யப் போனவர், தலைக்கு மேல் ஃபேனில் ஒட்டடை தொங்குவதைப் பார்த்திருக்கிறார். கம்பில் துணியைச் சுற்றி, சுற்றுகிற ஃபேனிலேயே நீட்டிவிட்டார். ஃபேன் சுத்தமானது உண்மை. ஒட்டடை கடை முழுவதும் பாரபட்சமில்லாமல் இறங்கியது. அன்று அங்கே மிக்சர் வாங்கிய யாரும் புகார் சொல்லவில்லை என்பதையும் நான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

போனையும் அவர் வைக்க மாட்டார். பேச்சு முடிந்தாலும் அந்தப் பக்கம் அப்படியே திறந்து கிடக்கும். கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுவது, டீ உறிஞ்சுவது, யாரையோ "தள்ளு மாப்ள" என்பது எல்லாம் கேட்கும். நாம்தான் வைக்கவேண்டும்.

"ஏன்யா இப்படி?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நிறுத்துனா திரும்ப ஓடுமுங்கிறதுக்கு என்ன சார் கேரண்டி? உடையார்பாளையத்துல எங்க மாமா ஒருத்தரு, நாள் பூரா நடந்துக்கிட்டே இருப்பாரு. முந்திரித் தோப்புக்கும் வூட்டுக்கும் நடைதான். ஒருநாளு, கால் வலிக்குதுன்னு உக்காந்தாரு."

"அப்புறம்?"

"அவ்ளோதான் சார்."

எங்கள் தெருவில் செல்வராசு ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். கீழப்பழுவூர்க் கோயில் கல்வெட்டுகளை நான் எடுத்து வைத்திருந்த படங்களும் அவருடைய கம்ப்யூட்டரில்தான் இருந்தன. அதனால் எனக்கு அங்கே போக்குவரத்து உண்டு. கல்யாணங்களை வெளிநாட்டுக்கு நேரலையில் காட்டும் வேலையும் அவர் எடுத்துச் செய்தார். அதற்காகச் சென்னையிலிருந்து ஒரு பழைய சர்வரை, படங்களைச் சேர்த்துவைத்து அனுப்பும் பெரிய கம்ப்யூட்டர் பெட்டியை, வாங்கி வந்தார். முகத்தில் இரண்டு வரிசையாக எட்டு டிராயர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஹார்ட் டிஸ்க் வைக்கலாம். ஓடும்போதே உருவலாம், ஓடும்போதே செருகலாம். ரன்னிங் அதை முதன்முதலில் பார்த்தபோது, பெண் பார்க்கப் போனவர் மாதிரி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். பிறகு அதை ஓடவிட்டு, ஆஃப் பட்டன்மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டினார்.

ஆயுத பூஜை வந்தது. செல்வராசு, "வருசத்துல ஒருநாள் அதுக்கும் ரெஸ்ட் குடுப்போம்யா" என்றார்.

"பூசை போடுங்கண்ணே, வேணாங்கல. ரன்னிங்லயே போடுங்க."

போட்டார். எட்டு டிராயருக்கும் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம். ஒவ்வொரு டிராயரிலும் ஒரு சின்ன விளக்கு உண்டு. உள்ளே டிஸ்க் ஓடினால் பச்சையாக எரியும். நெற்றி மாதிரி எடுப்பாக இருந்ததால், பொட்டைச் சரியாக அந்த விளக்கின்மேலேயே வைத்தார்.

அடுத்து நடந்தது, பூஜைக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை. செல்வராசு வெள்ளிக்கிழமை என்பார். அது ஞாயிறுதான்.

லப்பைக்குடிக்காட்டில் ஒரு நிக்காஹ். பெண்ணின் அத்தா, அதாவது அப்பா, எங்களுக்கெல்லாம் பாய். அவர் குவைத்தில் இருந்தார். கொடுத்த லீவைக் கடைசி வாரத்தில் ரத்து செய்துவிட்டார்கள். மண்டபத்தில் எடுக்கும் படம் ஸ்டுடியோ சர்வருக்கு வந்து, பதிவாகி, அங்கிருந்து குவைத்துக்குப் போகும். "அத்தா பாக்குறாங்கன்னு தெரிஞ்சாத்தான் கையெழுத்துப் போடுவேன்" என்று பெண் சொல்லியிருந்தாள். அதனால் பாய் காலையிலிருந்தே ரன்னிங்கோடு போனில் இருந்தார். வைக்காத போன் என்பதால் அந்தப் பொறுப்புக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

மண்டபத்தில் மாப்பிள்ளை வந்து உட்கார்ந்த நேரத்தில், ஸ்டுடியோ திரையில் மஞ்சள் எச்சரிக்கை வந்தது. சர்வரில் இடம் தீரப்போகிறது. தீர்ந்தால் பதிவு நிற்கும், கூடவே குவைத்தில் படமும் நிற்கும்.

"பழசு எதையாவது அழிய்யா" என்றார் செல்வராசு.

"எந்தக் கல்யாணத்தண்ணே அழிக்கிறது?"

செல்வராசு யோசித்தார். ஒரு வீட்டுக்கும் ஆல்பம் போய்ச் சேரவில்லை.

புது ஹார்ட் டிஸ்க் பீரோவிலேயே இருந்தது. ஆடியில் வாங்கியது. ஆடியில் புதிதாக எதுவும் தொடங்கக்கூடாது என்று வைத்தார்கள். ஆவணியில் முகூர்த்த வேலை. புரட்டாசியில் மறந்துபோனது. சர்வரை நிறுத்தி மாட்டலாம் என்றால், அந்தப் பழைய பெட்டி மறுபடி எழுந்திருப்பதற்குள் மண்டபத்தில் பிரியாணியே முடிந்துவிடும். உலகம் ரன்னிங்கின் கொள்கைக்கு வந்து சேர்ந்த ஒரே நாள் அது.

எட்டில் ஆறு டிராயரில் டிஸ்க் உண்டு. இரண்டு காலி. பல்லி புகாமல் இருக்கக் காலி டிராயர்களையும் செருகியே வைத்திருந்தார்கள். எட்டும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி. விளக்கை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எட்டு விளக்கின்மேலும் சந்தனம் காய்ந்து ஓடு கட்டியிருந்தது. ஓடும்போதே உருவலாம் என்றாலும், வேலையில் இருக்கும் டிஸ்க்கைத் தவறி உருவினால் எல்லாம் நின்றுவிடும்.

"கீழ் வரிசையில கடைசி காலின்னு நெனைக்கிறேன்" என்றார் ரன்னிங்.

"நெனைக்கிறியா?"

"நெனைக்கிறேண்ணே."

பஞ்சை நனைத்துக்கொண்டு சர்வரிடம் போனார். செல்வராசு குறுக்கே விழுந்தார்.

"பொட்ட அழிக்கப் போறியா? கல்யாண வேலை ஓடிக்கிட்டு இருக்குய்யா!"

"பாய் வூட்டுக் கல்யாணம்ண்ணே."

"யார் வூடா இருந்தா என்ன? கல்யாணம் கல்யாணம்தான்!"

போனிலிருந்து பாய் குரல் வந்தது. "தம்பி, என்ன சத்தம்? படம் வருமுல்ல?"

"வரும் பாய். ஒண்ணும் இல்ல. கொஞ்சம் இடம் மாத்துறோம்." பிறகு செல்வராசுவிடம், "அழிக்கலண்ணே. நகத்தி வைக்கிறேன்" என்றார்.

சொன்னபடியே செய்தார். ஒரு பொட்டைத் துடைப்பது, விளக்கைப் பார்ப்பது, ஒரு விரல் தள்ளிப் புதுப் பொட்டு வைப்பது. குங்குமப் பொட்டலத்தை நான் பிடித்துக்கொண்டேன். மேல் வரிசையில் நான்கும் பச்சை. கீழ் வரிசையில் முதலாவது பச்சை. இரண்டாவது இருட்டு, மூன்றாவதும் இருட்டு. கடைசியாக, அவர் காலி என்று நினைத்த டிராயரைத் துடைத்தார். பச்சை விளக்கு படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது. நிக்காஹ் அதில்தான் பதிவாகிக்கொண்டிருந்தது.

ரன்னிங் அதற்கும் ஒரு பொட்டு வைத்தார்.

இரண்டாவது டிராயரை உருவி, புது டிஸ்க்கை வைத்துத் திருகினார். இடிக்காமல் உள்ளே தள்ளி, பிடியை மடக்கினார். "சுத்த ஆரம்பிக்கட்டும், யாரும் மூச்சு விடாதீங்க" என்றார். நாங்கள் விடவில்லை. மெல்ல ஒரு முனகல் கேட்டது. பச்சை எரிந்தது. கீபோர்டில் உட்கார்ந்து, புது டிஸ்க்கைச் சர்வருக்கு அடையாளம் காட்டி, அதைத் தயார் செய்து, பதிவை அந்தப் பக்கம் திருப்பினார். திரை ஒருமுறை கண் சிமிட்டியது.

"ஒரு செகண்டு போச்சு தம்பி... வந்துருச்சு, வந்துருச்சு."

அதே நேரம் செல்வராசுவின் போனில் மண்டபத்திலிருந்து ஆள் கத்தினார். "அண்ணே, புள்ள பேனாவக் கையில வச்சிக்கிட்டுக் கேக்குது. அத்தா பாக்குறாங்களா?"

ரன்னிங் தன் போனை அந்தப் போனோடு சேர்த்துப் பிடித்தார்.

"பாக்குறேம்மா" என்றார் பாய். "போடும்மா."

பெண் கையெழுத்துப் போட்டாள். குவைத்தில் பாய் அழத் தொடங்கினார். "வச்சிடு, பாவம், அவரு தனியா அழுவட்டும்" என்றார் செல்வராசு. ரன்னிங் வைக்கவில்லை. போனைச் சர்வரின் தலையில் சாய்த்து வைத்துவிட்டு, அழுகை தானாக ஓயும்வரை பக்கத்திலேயே நின்றார். வெளியே மொபெட் இருமிக்கொண்டிருந்தது.

பாய் தான் வேலை பார்த்த இடத்திலேயே சொல்லி, ரன்னிங்குக்கு விசாவுக்கு ஏற்பாடு செய்தார். பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் அவருடைய சொந்தப் பெயரை வாசித்தார். அப்படி யாரும் இங்கே இல்லை என்று தெருவே ஒரே குரலில் சொன்னது. திருப்பி அனுப்பவே இருந்தோம். நல்லவேளையாகப் புகை வந்தது.

இப்போது குவைத்தில், ஒரு பெரிய கட்டிடம் நிறைய சர்வர்கள் உள்ள இடத்தில் இருக்கிறார். "இங்க யாருமே எதையும் ஆஃப் பண்றதில்ல சார். சொர்க்கம் சார்" என்றார்.

வெள்ளிக்கிழமைகளில் கூப்பிடுவார். பேச்சு முடிந்த பிறகும் வைக்க மாட்டார். முன்பெல்லாம் நான் வைத்துவிடுவேன். இப்போது போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு என் வேலையைப் பார்க்கிறேன். அந்தப் பக்கம் அவர் டீ உறிஞ்சும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.